குருதிப் பூஞ்சைத் தொற்று: காவிரிப் படுகையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

குருதிப் பூஞ்சைத் தொற்று என்பது பூஞ்சைகள் இரத்த ஓட்டத்தில் கலந்து உடலின் பல உறுப்புகளுக்கும் பரவும் நோய்நிலை ஆகும். வீட்டிலோ வயலிலோ நடமாடும் உடல்நலம் உள்ளவர்களை இது பெரும்பாலும் தாக்குவதில்லை. மருத்துவமனையில், குறிப்பாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில், பல நாட்கள் படுத்திருக்கும் நோயாளிகளையே தாக்குகிறது. கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சைகளே இதற்கு முதன்மைக் காரணம். அவற்றுள் 2009-ல் அறியப்பட்ட கேண்டிடா ஆரிஸ் உலக மருத்துவமனைகளுக்குப் பெரும் சவாலாக உள்ளது. இந்நோயின் இந்திய வரலாற்றில் பூஞ்சையியல், நெல் வேளாண்மை, நவீன மருத்துவம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொடுகின்றன. அவற்றில் முதலிரண்டின் தொடக்கப் பக்கங்கள் காவிரிப் படுகையில் எழுதப்பட்டவை.

திருக்கடையூரும் முதுமையும்

மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள திருக்கடையூர், அமிர்தகடேசுவரர் - அபிராமி கோயிலால் அறியப்படும் ஊர். அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றான இங்கு, மார்க்கண்டேயனுக்காகச் சிவன் காலனை உதைத்தார் என்பது தலபுராணம். அதனால் 60 வயது நிறைவில் சஷ்டியப்தபூர்த்தி, 70-ல் பீமரத சாந்தி, 80-ல் சதாபிஷேகம் செய்துகொள்ளத் தமிழகம் முழுவதிலிருந்தும் தம்பதியர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுடன் இங்கு வருகின்றனர்.

ஒரு காலத்தில் அரிதாக இருந்த எண்பதாம் கல்யாணம் இன்று அத்தனை அரிதன்று. தடுப்பூசி, தூய குடிநீர், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், அறுவை சிகிச்சை ஆகியவை ஆயுளைக் கூட்டியுள்ளன. முதுமையோடு சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய் ஆகியவையும், அவற்றுக்காக மருத்துவமனையில் தங்கும் நாட்களும் கூடியுள்ளன. குருதிப் பூஞ்சைத் தொற்று இந்த மாற்றத்தோடு சேர்ந்து வளர்ந்த நோய். ஆயுளை நீட்டும் அதே சிகிச்சையின் குழாய்களும் மருந்துகளுமே பூஞ்சைக்கும் வழி திறந்துவிடுகின்றன.

தரங்கம்பாடியும் பூஞ்சை ஆய்வும்

திருக்கடையூரிலிருந்து சுமார் 8 கி.மீ. தொலைவில் உள்ள தரங்கம்பாடி 1620 முதல் டேனியர்களின் குடியேற்றமாக இருந்தது. 1768-ல் யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்னும் மருத்துவர் இங்கு வந்து சேர்ந்தார். சுவீடனின் இயற்கை ஆய்வாளர் லின்னேயசின் மாணவரான இவர், மருத்துவப் பணியோடு செடிகொடிகளையும் பூச்சிகளையும் பூஞ்சைகளையும் சேகரித்தார். இந்தியப் பூஞ்சைகளைப் பற்றிய அறிவியல் பதிவுகளில் இவருடைய சேகரிப்புகள் முதன்மையானவை. கறையான் புற்றுகளுக்குள் கறையான்கள் வளர்க்கும் பூஞ்சைத் திரளைப் பற்றி 1779-ல் அவர் எழுதினார்.

மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளானைப் பறித்துச் சமைக்கும் படுகை மக்களுக்குப் புற்றும் காளானும் புதியவை அல்ல. கோனிக் செய்தது, மக்கள் அறிந்திருந்த ஒன்றைப் பெயரிட்டு, வகைப்படுத்தி, பிறர் சரிபார்க்கும்படி எழுதிவைத்தது. பூஞ்சையைச் சரியாக இனங்காணும் இந்த வேலைதான் இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு மருத்துவமனைகளில் உயிர்காக்கும் வேலையாக மாறியது.

குலைநோய் கற்பித்த பாடம்

படுகை விவசாயிக்குப் பூஞ்சை என்றால் முதலில் நினைவுக்கு வருவது பயிர்நோய். குலைநோய், இலையுறைக் கருகல், நெற்பழம் ஆகிய மூன்றும் பூஞ்சைகளால் வருபவை. குலைநோய் இந்தியாவில் 1913-ல் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. 1919-ல் தஞ்சைப் படுகையில் அது பெருஞ்சேதத்தை உண்டாக்கியது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் தொடங்கப்பட்டது. நோய் தாங்கும் நெல் இரகங்களைத் தேடும் பணி பின்னர் அதன் ஆய்வுகளிலும் இடம்பெற்றது.

குலைநோயின் போக்கு மருத்துவமனைத் தொற்றைப் புரிந்துகொள்ள உதவும். பூஞ்சையின் வித்துகள் காற்றில் பறந்து பக்கத்து வயலுக்குச் செல்கின்றன. இரவுக் குளிரும் பனி ஈரமும் நீடித்தால் இலையில் முளைக்கின்றன. தழைச்சத்து அதிகம் இட்டுக் கொழுத்த பயிரை எளிதில் பற்றுகின்றன. வித்து, பரவும் வழி, தளர்ந்த பயிர் ஆகிய மூன்றும் கூடும்போதுதான் நோய் பெருகுகிறது. மருத்துவமனையிலும் இதே மூன்றும் வேண்டும். அங்கே காற்றின் வேலையைப் பெரும்பாலும் மனிதக் கைகளும் கருவிகளும் செய்கின்றன.

வாய்ப்புண்ணிலிருந்து இரத்தத்துக்கு

கேண்டிடா மனிதருக்குப் பழகிய பூஞ்சை. வாய், குடல், தோல் ஆகிய இடங்களில் பலருக்கும் தீங்கின்றி வாழ்கிறது. குழந்தைகளின் வாயில் வெள்ளையாகப் படியும் புண் இதன் எளிய வடிவம். 1839-ல் செருமானிய மருத்துவர் பெர்ன்ஹார்ட் லாங்கன்பெக், காய்ச்சலில் இறந்த ஒரு நோயாளியின் வாய்ப்புண்ணில் பூஞ்சை இருப்பதை விவரித்தார். கேண்டிடா என்னும் பேரினப் பெயரை 1923-ல் கிறிஸ்டின் பெர்க்ஹவுட் என்னும் டச்சு ஆய்வாளர் வழங்கினார்.

இரத்தத்தில் கேண்டிடா காணப்படுவது நீண்டகாலம் அரிதாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. அதற்கான காரணங்கள் தெளிவானவை:

- பல்வகை பாக்டீரியாக்களை ஒருசேரக் கொல்லும் நுண்ணுயிர்க்கொல்லிகள் குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கின்றன. காலியான இடத்தில் பூஞ்சை பெருகுகிறது.
- பெருஞ்சிரைகளில் செருகப்படும் குழாய்கள் தோலிலிருந்து இரத்தத்துக்கு நேர்வழி அமைக்கின்றன. குழாயின் மேற்பரப்பில் பூஞ்சை படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்து எளிதில் உள்ளே செல்வதில்லை.
- வயிற்று அறுவை சிகிச்சை, செயற்கை சுவாசம், இரத்தச் சுத்திகரிப்பு, சிரைவழி உணவூட்டல் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன.
- புற்றுநோய் மருந்துகளும் ஸ்டீராய்டுகளும் உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன.

மருந்துகளின் பட்டியலோ குறுகியது. 1950-ல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு அமெரிக்கப் பெண் அறிவியலாளர்கள் நிஸ்டாடினை அறிவித்தனர். அதை இரத்தத்தில் செலுத்த முடியாது. அதே பத்தாண்டில் வெனிசுலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிர் வழியே ஆம்போடெரிசின் பி உருவானது. இந்தியாவில் பிம்ப்ரியின் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில் எம். ஜே. திருமலாச்சார் குழுவினர் ஹாமைசின் என்னும் பூஞ்சைக்கொல்லியைக் கண்டறிந்தனர். 1990-ல் அமெரிக்காவில் ஃபுளுகோனசோல் ஒப்புதல் பெற்றது. 2001-ல் எக்கினோகேண்டின் வகையின் முதல் மருந்து வந்தது. இரத்தத்தில் இறங்கிய கேண்டிடாவை எதிர்க்க மருத்துவர் கையில் இன்றும் முதன்மையாக உள்ளவை இந்த மூன்று வகைகளே: அசோல்கள், ஆம்போடெரிசின், எக்கினோகேண்டின்கள்.

சண்டிகர், 1996

இந்தியாவில் குருதிப் பூஞ்சைத் தொற்றின் பரவலை விரிவாகப் பதிவுசெய்த முதன்மை நிகழ்வுகளுள் ஒன்று சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்தது. 1996 ஏப்ரல் முதல் 23 மாதங்களில் 379 பச்சிளங்குழந்தைகளும் சிறுவர்களும் பிச்சியா அனோமாலா என்னும் ஈஸ்ட் தொற்றுக்கு ஆளாயினர். குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த, நீண்ட நாள் தங்கிய குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டனர்.

அந்நிறுவனத்தின் மருத்துவர்கள் சுற்றுப்புறத்தில் மாதிரிகள் எடுத்துத் தேடினர். அங்கே ஊற்றிடம் எதுவும் அகப்படவில்லை. ஆனால் பணியாளர்களின் கைகளில் பூஞ்சை இருந்தது. அக்கறையோடு குழந்தையைத் தூக்கிய கையே நோயையும் சுமந்து சென்றிருக்கக்கூடும். ஆபத்தில் உள்ள குழந்தைகளுக்கு முன்கூட்டியே பூஞ்சை மருந்து கொடுத்த பிறகே பரவல் கட்டுக்குள் வந்தது. தங்கள் மருத்துவமனையில் நடந்ததை மறைக்காமல் அவர்கள் 2001-ல் ஆய்விதழில் வெளியிட்டனர். பிற மருத்துவமனைகள் விழித்துக்கொள்ள இத்தகைய வெளிப்படையான பதிவுகளே உதவின.

காதிலிருந்து வந்த பெயர்

2009-ல் டோக்கியோ மருத்துவமனை ஒன்றில் 70 வயது நோயாளியின் காதிலிருந்து எடுத்த மாதிரியில் புதிய ஈஸ்ட் ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். இலத்தீனில் ஆரிஸ் என்றால் காது. இதனால் அதற்குக் கேண்டிடா ஆரிஸ் என்று பெயரிட்டனர். இரத்தத்தில் இது பரவிய முதல் மூன்று நோயாளிகளைப் பற்றித் தென்கொரிய மருத்துவர்கள் 2011-ல் எழுதினர். அவற்றில் ஒன்று 1996-லேயே சேமித்துவைக்கப்பட்ட மாதிரி. அப்போது அதை யாரும் புதிய இனம் என அறியவில்லை. 2024-ல் வகைப்பாட்டியலாளர்கள் இதைக் கேண்டிடோசைமா என்னும் புதிய பேரினத்துக்கு மாற்றினர். ஆயினும் மருத்துவ உலகில் பழைய பெயரே பெரிதும் வழங்குகிறது.

இந்தியாவில் இது விரைவில் தலைகாட்டியது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிறுவனத்தைச் சேர்ந்த அனுராதா சௌத்ரி குழுவினர், தில்லியின் இரு மருத்துவமனைகளில் 12 நோயாளிகளிடம் இதைக் கண்டு 2013-ல் அறிவித்தனர். அவை மரபியல் அடிப்படையில் ஒரே குலத்தைச் சேர்ந்தவையாக இருந்தன.

தவறாகப் படிக்கப்பட்ட கிருமி

ஆரிஸ் பரவியதற்கு ஆய்வகங்களின் குழப்பமும் ஒரு காரணம். மருத்துவமனை ஆய்வகங்கள் பயன்படுத்திய தானியங்கிக் கருவிகளின் தரவுத்தொகுப்பில் இந்தப் புதிய இனம் இல்லை. எனவே அவை இதை வேறோர் இனமாக, பெரும்பாலும் கேண்டிடா ஹெமுலோனி என, அறிவித்தன. இந்திய மருத்துவமனைகளின் மாதிரிகளை மறுஆய்வு செய்த சௌத்ரி குழுவினர் 2015-ல் இதை வெளிப்படுத்தினர். ஹெமுலோனி எனப் பெயரிடப்பட்டவற்றில் பெரும்பான்மை ஆரிஸாகவே இருந்தன.

இது வெறும் பெயர்ப்பிழை அன்று. சரியான பெயர் தெரிந்தால்தான் எந்த மருந்து பலிக்காது என்பதும், நோயாளியைத் தனியறையில் வைக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆரிஸ் மாதிரிகளில் பெரும்பாலானவை ஃபுளுகோனசோலுக்குக் கட்டுப்படுவதில்லை. 54 நோயாளிகளின் மாதிரிகளை ஆராய்ந்து 2017-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 93 விழுக்காடு ஃபுளுகோனசோலையும், 35 விழுக்காடு ஆம்போடெரிசினையும், 7 விழுக்காடு எக்கினோகேண்டின்களையும் எதிர்த்து நின்றன. இரு வகைகளுக்கு எதிர்ப்பு உள்ளவை 41 விழுக்காடு.

குருதி வளர்ப்புச் சோதனைக்கும் எல்லை உண்டு. பூஞ்சை வளர்ந்து தெரியச் சில நாட்கள் ஆகும். ஆழப் பரவிய கேண்டிடா நோயில் ஏறத்தாழ பாதி நேர்வுகளில் அச்சோதனை எதையும் காட்டுவதில்லை. அதற்குள் நோயாளியின் நிலை மோசமாகிவிடலாம்.

27 தீவிர சிகிச்சைப் பிரிவுகள்

இந்நோயின் இந்திய அளவைக் காட்டிய பெரிய ஆய்வு, அருணலோகே சக்ரவர்த்தி தலைமையில் நாட்டின் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2011, 2012 ஆண்டுகளில் நடைபெற்றது. 1400 நேர்வுகள் பதிவாயின. சேர்க்கப்பட்ட ஒவ்வோர் 1000 பேரிலும் 6.51 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. சேர்ந்த 8 நாட்களுக்குள்ளேயே பாதிப்பேருக்குத் தொற்று தொடங்கியிருந்தது. 30 நாட்களுக்குள் இறந்தோர் 44.7 விழுக்காடு. மேலை நாடுகளில் கேண்டிடா அல்பிகன்ஸ் முன்னணியில் இருக்க, இந்தியாவில் கேண்டிடா டிராபிகாலிஸ் 41.6 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது.

1400-ல் 74 நேர்வுகள் ஆரிஸால் வந்தவை. எண்ணிக்கை சிறிதாகத் தெரிந்தாலும், 27-ல் 19 பிரிவுகளில் அது ஏற்கெனவே குடியேறியிருந்தது. முன்பே பூஞ்சை மருந்து பெற்றவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளில் இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதலாக இருந்ததை அதன் தொடர் ஆய்வு காட்டியது. வசதியற்றவர் நாடிச் செல்லும் இடத்திலேயே நெரிசலும் கூடுதல் என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உலகெங்கும் பரவல்

2015-ல் இலண்டனின் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையில் பரவல் தொடங்கி 50 பேரைத் தொட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் நோயாளிகளின் அக்குளில் வைக்கும் வெப்பமானிக் கருவி பலருக்குப் பொதுவாகப் பயன்பட்டதே பரவலுக்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. அக்கருவிகளை நீக்கியதும் நோய் குறைந்தது. ஆரிஸ் படுக்கைக் கம்பி, மேசை, கருவி ஆகியவற்றின் மேற்பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வழக்கமான சில கிருமிநாசினிகள் அதற்கு எதிராகப் போதிய பயன் தருவதில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016-லும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-லும் மருத்துவமனைகளை எச்சரித்தன. உலக சுகாதார அமைப்பு 2022 அக்டோபரில் வெளியிட்ட முதல் பூஞ்சைக் கிருமிப் பட்டியலின் 19 இனங்களில், மிக ஆபத்தான நான்கினுள் ஆரிஸ் இடம்பெற்றது.

எங்கிருந்து வந்தது?

2017 ஆய்வின் மரபணுத் தரவு விந்தையான ஒன்றைக் காட்டியது. தெற்காசியா, கிழக்காசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய நான்கு பகுதிகளின் ஆரிஸ் குலங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்று மிகவும் வேறுபட்டிருந்தன. ஓரிடத்தில் பிறந்து விமானத்தில் உலகெங்கும் பரவியிருந்தால் அவ்வாறு இருக்காது. ஏறத்தாழ ஒரே காலத்தில் நான்கு இடங்களில் தனித்தனியே அது மனிதரிடம் வந்திருக்கிறது.

இதற்கு விளக்கமாகப் புவி வெப்பமயமாதலை ஆர்ட்டுரோ கசடேவால் குழுவினர் 2019-ல் முன்வைத்தனர். பெரும்பாலான பூஞ்சைகள் மனித உடலின் 37 பாகை செல்சியசு வெப்பத்தைத் தாங்குவதில்லை. சூடேறும் சுற்றுப்புறத்துக்குப் பழகிய பூஞ்சை மனித உடலையும் தாங்கக் கற்றிருக்கலாம் என்பது அவர்களின் கருதுகோள். 2021-ல் அந்தமான் தீவுகளின் உவர்ச் சதுப்பிலும் மணற்கரையிலும் ஆரிஸ் இருப்பதைச் சௌத்ரி குழுவினர் கண்டனர். மருத்துவமனைக்கு வெளியே இயற்கையில் அது கிடைத்தது இதுவே முதல்முறை. எனினும் வெப்பமயமாதல் கருதுகோள் இன்னும் உறுதிப்படவில்லை.

வயலோடு தொடர்புடைய மற்றொரு சான்று ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் வேறொரு பூஞ்சை பற்றியது. பயிருக்குத் தெளிக்கும் அசோல் வகைப் பூஞ்சைக்கொல்லிகளும் நோயாளிக்குத் தரும் அசோல் மருந்துகளும் ஒரே வழியில் செயல்படுபவை. அசோல் மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஆஸ்பெர்ஜில்லஸ், நெல்வயல் மண்ணிலும் மருத்துவமனைத் தோட்டத்துப் பூந்தொட்டி மண்ணிலும் இருப்பதை 2012-ல் இந்திய ஆய்வொன்று காட்டியது. இலையுறைக் கருகலுக்கு ஹெக்சகோனசோலும் புரோபிகோனசோலும் தெளிக்கப்படும் நெல் நாட்டில் இது பொருட்படுத்தத்தக்க செய்தி.

பெருந்தொற்றுக் காலம்

கொரோனா பெருந்தொற்று, குருதிப் பூஞ்சை பரவுவதற்கான அனைத்துச் சூழல்களையும் ஒன்றுகூட்டியது. படுக்கைகள் நிரம்பின. ஸ்டீராய்டும் நுண்ணுயிர்க்கொல்லியும் தாராளமாகப் பயன்பட்டன. பணியாளர்கள் பாதுகாப்பு உடையுடனும் கையுறையுடனும் ஒரு படுக்கையிலிருந்து மறு படுக்கைக்கு ஓடினர். 2020 ஏப்ரல் முதல் சூலை வரை தில்லியில் தீவிர சிகிச்சை பெற்ற 596 கொரோனா நோயாளிகளில் 15 பேருக்குக் கேண்டிடா குருதித் தொற்று ஏற்பட்டது. அவர்களில் 10 பேருக்கு ஆரிஸ். அந்தப் பத்துப் பேரில் 6 பேர் இறந்தனர்.

2021 மே மாதத்தில் கறுப்புப் பூஞ்சை நோயைத் தமிழ்நாடு அரசு கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. மூக்கையும் கண்ணையும் அழித்த அந்நோய் செய்திகளில் நிறைந்தது. வெளியே அடையாளம் தெரியாத குருதிப் பூஞ்சை அவ்வாறு பேசப்படவில்லை. முதல் நோயின் பெயராலேயே பெரும்பாலும் இறப்பு பதிவாவதால், குடும்பத்தினருக்கும் கூட அது தெரியாமல் போகிறது.

தடுப்பு வழிகள்

2012 ஆகத்து மாதம் சென்னையில் கூடிய இந்திய மருத்துவச் சங்கங்கள், நுண்ணுயிர்க்கொல்லிகளின் தவறான பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் செயல்திட்டத்தை உருவாக்கின. சென்னைப் பிரகடனம் எனப்படும் இது பாக்டீரியா நோய்களை மனத்தில் கொண்டது. ஆனாலும் தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லி குறைந்தால் பூஞ்சைக்கான வாய்ப்பும் குறையும் என்பதால் இந்த வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு.

மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் வழிகள் எளியவை. ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கைகளைத் தூய்மை செய்தல், கையுறையை ஒவ்வொருவருக்கும் மாற்றுதல், தேவை முடிந்த சிரைக் குழாயை அன்றே நீக்குதல், ஆரிஸ் உள்ளவரைத் தனியே வைத்தல், குளோரின் கலந்த கரைசலால் மேற்பரப்புகளைத் துடைத்தல், பூஞ்சையின் இனத்தையும் மருந்து எதிர்ப்பையும் ஆய்வகத்தில் உறுதிசெய்தல் ஆகியவை அவை. கைகளுக்கான ஆல்கஹால் கரைசல் ஆரிஸையும் கொல்லும். நோயாளியைக் காண வருவோரும் கைகழுவ வேண்டும். வீட்டில் உள்ள நலமான உறவினருக்கு இத்தொற்றால் ஆபத்து மிகக் குறைவு என்பதால், தொற்று இருந்து வீடு திரும்பியவரை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

முக்கியத்துவம்

காவிரிப் படுகையில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியைத் தொடர்ந்து 2010-ல் திருவாரூரிலும் 2022-ல் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. முன்பு சென்னைக்கோ வேலூருக்கோ கொண்டுசெல்லப்பட்ட நோயாளிகளில் பலர் இன்று வீட்டுக்கு அருகிலேயே தீவிர சிகிச்சை பெற முடிகிறது. தீவிர சிகிச்சைப் படுக்கை பெருகும் இடத்தில் பூஞ்சையை இனங்காணும் ஆய்வகமும் தொற்றுத் தடுப்புச் செவிலியரும் பெருக வேண்டும் என்பதே சண்டிகர், தில்லி அனுபவங்கள் சொல்வது.

குலைநோயைப் படுகை எதிர்கொண்டது மருந்தால் மட்டும் அன்று. வயலைத் தினமும் பார்த்து, இலையில் முதல் புள்ளி விழுந்த அன்றே அறிந்து, இரகத்தையும் உரத்தையும் மாற்றி எதிர்கொண்டது. குருதிப் பூஞ்சைக்கும் அத்தகைய அன்றாடக் கவனிப்பே முதல் தடுப்பு. அது தவறும் மருத்துவமனையில், இதய அறுவையிலோ சிறுநீரகச் சிகிச்சையிலோ பிழைத்த ஒருவர் எட்டாம் நாள் குழாய்வழி வந்த பூஞ்சையால் இறக்கக்கூடும். அது தவறாத மருத்துவமனையிலிருந்து அவர் வீடு திரும்பி, திருக்கடையூரில் தம் எண்பதாம் கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம்.